ஹிமாலயன் 411-ஐ லே பயணத்துக்குத் தயார் செய்தல்: முதலில் எதற்குச் செலவிடலாம்?

நெல்லைச்சாரல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2021-ஆம் ஆண்டு வெளிவந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 ஒன்றை அண்மையில் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறேன். ஏறத்தாழ 30,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பெரும்பாலும் அலுவலகம் சென்று வரவே பயன்படுத்தியதாக முந்தைய உரிமையாளர் சொன்னார். ஆனால் சர்வீஸ் சீட்டுகளில் பாதிதான் என் கைக்கு வந்தன. ஜூலை இறுதியில் திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டு, நாக்பூர், டெல்லி, மணாலி வழியாக லடாக்கிலுள்ள லே சென்று, கார்கில், ஸ்ரீநகர் வழியாகத் திரும்புவது திட்டம். பின்னிருக்கையில் யாரும் வரவில்லை. நண்பர் ஒருவர் தம்முடைய வண்டியில் உடன் வருகிறார்.

வண்டிக்கென்று 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கிராஷ் கார்டு, கூடுதல் விளக்குகள் இரண்டு, அலுமினியப் பக்கப்பெட்டிகள், உயரமான விண்ட்ஷீல்டு, சார்ஜருடன் கூடிய கைப்பேசித் தாங்கி என்று பட்டியல் போட்டுப் பார்த்தால், அதுவே அந்தத் தொகையைத் தாண்டிவிடுகிறது. எங்கள் ஊர் மெக்கானிக்கோ, "ஜெனரல் சர்வீஸ் போட்டால் போதும், வண்டி பறக்கும்" என்கிறார். இவற்றில் எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடலாம், வழியில் நானே கவனிக்க வேண்டியவை எவை என்பதை இந்தப் பாதையில் சென்று வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோவைப் பட்டறை எழுதியது:

உங்கள் பட்டியலில் இருப்பவை எல்லாம் வண்டிக்கு வெளியே மாட்டுகிற பொருள்கள். பாதிச் சீட்டுகளோடு கைமாறிய வண்டிக்கு முதல் செலவு உள்ளே இருப்பவற்றுக்குத்தான் போக வேண்டும். பட்டறை நடத்துகிறவன் என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கீழே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை நீங்களே வீட்டு வாசலில் செய்து பார்த்துவிடலாம்.

முதலில் கோன் செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் தண்டைத் தாங்கும் பேரிங்குகள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன்சக்கரம் தரையில் படாதபடி செய்துகொள்ளுங்கள். பிறகு ஹேண்டில்பாரை ஒரே விரலால் மெதுவாக இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை திருப்புங்கள். சக்கரம் நேராக வரும் இடத்தில் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கி நின்று மறுபடி ஏறுவது போல் உணர்ந்தால், உள்ளே பந்துகள் ஓடும் தடம் குழிந்துவிட்டது என்று பொருள். அடுத்து, ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்களின்) கீழ்ப்பகுதியை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று ஒலி வந்தால் தளர்ச்சி இருக்கிறது. தளர்ச்சியை இறுக்கிச் சரிசெய்யலாம், குழிந்ததை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது பந்துகளுக்குப் பதிலாகக் கூம்பு வடிவ ரோலர் பேரிங் போட்டுக்கொள்வது நல்லது; குண்டும் குழியுமான சாலையில் அது கூடுதல் காலம் தாங்கும். புதிய பேரிங் படிந்து அமர்ந்த பின் ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும் என்பதால், இந்த வேலையைப் புறப்படும் வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

சக்கர பேரிங்குகளைச் சோதிக்கச் சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கின் உள்வளையத்தில் விரலை விட்டுச் சுற்றுங்கள். வழவழவென்று சுற்றினால் நல்லது. மணல் அரைபடுவது போல் நெருடினால் மாற்றிவிடுங்கள். பின்சக்கரத்தில் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) அமரும் பகுதிக்குத் தனி பேரிங் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்பக்க ஷாக் அப்சார்பரான மோனோஷாக்கைத் தாங்கும் இணைப்பு (லிங்கேஜ்), பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் இரண்டையும் கழற்றிப் பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். ஜெனரல் சர்வீஸில் இந்த வேலையை யாரும் தொடுவதில்லை.

செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறத்தில் பிடித்து இழுங்கள். பல்லிலிருந்து விலகி இடைவெளி தெரிந்தாலும், பற்கள் ஒருபக்கமாகக் கொக்கி போல் வளைந்திருந்தாலும், செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய செயினைப் பழைய பற்களில் ஓட்டினால் அதுவும் விரைவில் போய்விடும். வழியில் சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். கம்பி பிரஷும் பெட்ரோலும் செயினுக்குள் இருக்கும் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். அன்றைய ஓட்டம் முடிந்து செயின் சூடாக இருக்கும்போதே எண்ணெய் விட்டால், இரவு முழுவதும் உள்ளிறங்கி, காலையில் டயர் மீது தெறிக்காமல் இருக்கும். செயினின் தளர்வைச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து இடங்களில் பார்த்து, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கணக்கில் கொண்டு சரிசெய்யுங்கள்.

இந்த எஞ்சின் காற்றாலும் எண்ணெயாலும் குளிர்வது, கூலன்ட் கிடையாது. ஆகவே எஞ்சின் ஆயிலின் அளவும் தரமும் மற்ற வண்டிகளைவிட இதற்கு முக்கியம். 15டபிள்யூ-50, ஜாசோ எம்.ஏ. (எண்ணெயில் மூழ்கிய கிளட்சுக்கு ஏற்ற பைக் ஆயில்) தரமுள்ளதை மட்டும் ஊற்றுங்கள். அவசரத்துக்குக் கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், ஏனெனில் கிளட்ச் தட்டுகளும் அதே எண்ணெயில்தான் மூழ்கியிருக்கின்றன. வால்வு இடைவெளி, ஏர் ஃபில்டர், பிரேக் பேடுகள் ஆகியவற்றைச் சரிபார்ப்பதோடு, எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத பிரேக் ஆயிலையும் புதிதாக்கிவிடுங்கள். இதில் ஊற்றும் டாட் 4 பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் நீண்ட இறக்கத்தில் கொதித்தால் லீவர் மெத்தென்று உள்ளே போகும்.

ஆரக்கம்பிகளை ஒரு சிறு ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். இந்தச் சோதனையை வழியிலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை செய்யலாம்.

தொலைவழி எழுதியது:

பட்டறைக்காரர் சொன்னவற்றைச் செய்து முடித்தால் உங்கள் தொகையில் பாதிக்கு மேல் கரைந்துவிடும், டயர்களையும் மாற்ற வேண்டியிருந்தால் இன்னும் கூடுதலாகவே போகும். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம் என்னும் இந்த அளவு டயர்கள் எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைப்பவை அல்ல என்பதால், பாதித் தேய்ந்த டயருடன் புறப்பட்டு வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம்.

மீதமுள்ள தொகையில் என்ன வாங்குவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எடைதான். மணாலியிலிருந்து லே செல்லும் சாலையின் மிக உயரமான கணவாய் டங்லங் லா, கடல் மட்டத்திலிருந்து 5,328 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. ஃப்யூயல் இன்ஜெக்ஷன் இருப்பதால் பெட்ரோலின் அளவை வண்டி தானே குறைத்துக்கொள்ளுமே தவிர, இல்லாத காற்றை எங்கிருந்தும் கொண்டுவராது. சமவெளியில் 24 குதிரைத்திறன் தரும் எஞ்சின் அங்கே ஏறக்குறைய அதில் பாதியைத்தான் தரும், 199 கிலோ எடையுள்ள வண்டியோ அப்படியேதான் இருக்கும். அதன் மீது நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு கிலோவையும் அந்தப் பாதித் திறன் இழுத்தாக வேண்டும். முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஏற்றி, தட்டுகளைக் கருக்கிக்கொண்டு வழியோரம் நிற்கும் வண்டிகளில் அளவுக்கு மீறிய சுமையைத்தான் பெரும்பாலும் காணலாம்.

அலுமினியப் பெட்டிகள் இரண்டும் அவற்றைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து, உள்ளே ஒன்றும் வைக்காமலே 15 கிலோவைத் தொட்டுவிடும். துணியாலான சேடில் பேக் அதில் மூன்றில் ஒரு பங்கு கூட இராது. கற்கள் நிறைந்த பாதையில் மெதுவாகப் போகும்போது காலை ஊன்ற நேர்ந்தால், பின்னாலிருந்து வரும் பெட்டியின் விளிம்பு கெண்டைக்காலில் மோதி எலும்பு முறிந்தவர்கள் உண்டு. துணிப்பை மோதினால் காயம் அவ்வளவு பெரிதாகாது. மழைக்கு உள்ளே ஒரு ரப்பர் பூச்சுள்ள பை இருந்தால் போதும்.

எடையை எங்கே வைக்கிறோம் என்பதும் எவ்வளவு வைக்கிறோம் என்பதற்குச் சமமான விஷயம். கருவிகள், ட்யூபுகள், எண்ணெய்ப் புட்டி போன்ற கனமானவை தாழ்வாகவும் முன்னோக்கியும் இருக்கட்டும்; தூங்கும் பை, துணிமணி ஆகியவை மேலே போகட்டும். பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்கும் டாப் பாக்ஸில் கனமானவற்றைத் திணித்தால் முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில்பார் அலையத் தொடங்கும். சுமை ஏற்றியபின் பின் ஷாக்கின் ஸ்பிரிங் இறுக்கத்தையும் ஒன்றிரண்டு படி கூட்டுங்கள்; இல்லையென்றால் வண்டியின் பின்பகுதி அமிழ்ந்து, முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். முழுச் சுமையுடன் ஒருமுறை ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கிப் பாருங்கள். எந்தக் கட்டு அவிழ்கிறது, எந்தப் பை சைலன்சரில் உரசுகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

எரிபொருளைப் பொறுத்தவரை, மணாலி-லே சாலையில் கேலாங் ஊருக்குச் சற்று முன்னால் இருக்கும் டாண்டி பம்ப்பில் அடுத்த பம்ப் 365 கி.மீ. தொலைவில் என்று எழுதிய பலகையைப் படம் எடுக்காதவர்கள் குறைவு. கணக்கை அந்தத் தூரத்துக்கே போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் டேங்க் 15 லிட்டர் கொள்ளும். மேட்டிலும் மண்பாதையிலும் லிட்டருக்கு 25 கி.மீ. என்று வைத்தால் 375 வருகிறது, அதாவது வழி தவறவும் இடமில்லை, நின்ற வண்டியின் நண்பருக்குக் கொடுக்கவும் இல்லை. 5 லிட்டர் கேன் ஒன்று கட்டாயம் வேண்டும், அதுவும் எரிபொருளுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், தண்ணீர்ப் புட்டி ஆகாது. கழுத்து வரை நிரப்பாமல் சற்று இடம் விடுங்கள். உயரம் கூடக்கூட மூடிய கேன் உப்பிக்கொள்ளும், ஆகையால் திறக்கும்போது மூடியை மெதுவாகத் தளர்த்தி ஆவியை வெளியேற்றிவிட்டுத் திறங்கள்.

பெட்டிக்காரன் எழுதியது:

தொலைவழியின் எடைக்கணக்கை மறுக்கவில்லை. ஆனால் கேட்டவரின் பாதை திருநெல்வேலியிலிருந்து தொடங்குகிறது என்பதை அவர் மறந்துவிட்டார். போக வர இருக்கும் மொத்தத் தூரத்தில் மிகப்பெரும் பகுதி நான்குவழித் தார்ச்சாலை. இரவில் ஏதோ ஒரு நெடுஞ்சாலை விடுதியின் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அறைக்குப் போகும்போது, பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நடக்கும் நிம்மதி துணிப்பையில் வராது. ஒவ்வோர் இரவும் எல்லாவற்றையும் அவிழ்த்து மாடிக்குத் தூக்கி, காலையில் மறுபடி கட்டுவதற்கு அரை மணி நேரம் போகும். மழையில் அதைச் செய்து பார்த்தவர்களுக்கு என் கட்சி புரியும்.

என் யோசனை: பக்கங்களில் துணிப்பைகள், பின்னால் மூடி பூட்டக்கூடிய சிறிய பிளாஸ்டிக் டாப் பாக்ஸ் ஒன்று. அதில் ஆவணங்கள், கேமரா, மழையங்கி மட்டும் இருக்கட்டும். உயரமான விண்ட்ஷீல்டை மட்டும் வாங்கும் முன் யாரிடமாவது இரவல் வாங்கி நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் உயரத்துக்குப் பொருந்தாவிட்டால், அது கிளப்பிவிடும் காற்று நேராக ஹெல்மெட்டில் அறைந்து கழுத்தை வாங்கிவிடும்.

நெல்லைச்சாரல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பட்டறை ஐயா சொன்னபடி ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்த்தேன். நேராக வரும் இடத்தில் நன்றாகவே தடைப்படுகிறது. ஜெனரல் சர்வீஸோடு நிறுத்தியிருந்தால் இது அப்படியே லே வரை வந்திருக்கும். அலுமினியப் பெட்டிகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். ஆரக்கம்பிச் சக்கரத்தை ட்யூப்லெஸ்ஸாக மாற்றித் தருகிறோம் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள், அது நம்பத்தக்கதா? கூடுதல் விளக்குகள் உண்மையில் தேவையா, பேட்டரி தாங்குமா?

டயர் லீவர் எழுதியது:

ட்யூப்லெஸ் மாற்றம் என்பது ஆரக்கம்பிகள் வளையத்தில் நுழையும் துளைகளை உட்புறமாக அடைத்துவிடும் வேலை. நகரத்தில் ஓட்டுபவர்களுக்கு அது ஒத்துப்போகலாம். கல்லில் மோதி ஓர் ஆரக்கம்பி தளர்ந்து அதை முறுக்க நேர்ந்தால் அந்த இடத்தில் அடைப்பு விரிசல் விடக்கூடும், பிறகு காற்று எங்கே கசிகிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். தவிரவும், ட்யூப்லெஸ் சக்கரங்களில் காற்று இறங்கினாலும் டயரின் விளிம்பு உள்ளே நழுவாதபடி தடுக்கும் மேடு ஒன்று வளையத்திலேயே இருக்கும். ட்யூப் டயருக்கென்று செய்த வளையத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. இந்தப் பயணத்துக்கு ட்யூபே இருக்கட்டும். கடைக்குக் கொடுக்க இருந்த பணத்தில் நல்ல லீவர்கள் மூன்று, 21 அங்குல ட்யூப் ஒன்று, 17 அங்குல ட்யூப் ஒன்று, ஒட்டுப்பொருள்கள், பேட்டரியில் இயங்கும் சிறிய காற்றடிப்பான் ஆகியவற்றை வாங்குங்கள். நெருக்கடியில் 21 அங்குல ட்யூபை மடித்துப் பின்சக்கரத்துக்குள் வைத்தும் அடுத்த ஊர் வரை போய்விடலாம், மறுபக்கமாக இது நடக்காது.

வீட்டிலேயே ஒருமுறை பின்சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை எடுத்து, திரும்பப் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர் உங்கள் பையில் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். டயரின் விளிம்பை வளையத்திலிருந்து பிரிப்பதுதான் கடினமான கட்டம். சக்கரத்தைத் தரையில் கிடத்தி, நண்பரின் வண்டியை அருகில் கொண்டுவந்து, அதன் சைடு ஸ்டாண்டை விளிம்பின் மீது ஊன்றி வண்டியைச் சாய்த்தால் இறங்கிவிடும். லீவர் போடும்போது, நேரெதிர்ப் பக்கத்து விளிம்பை முழங்காலால் அழுத்தி வளையத்தின் நடுப்பள்ளத்தில் இறக்கி வைத்திருங்கள். அதை விட்டுவிட்டு வலிமையால் நெம்புகிறவர்கள்தான் புதிய ட்யூபைக் கிழிக்கிறார்கள். புது ட்யூபில் உருண்டை வடிவம் வருமளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வைத்தால் மடிந்து சிக்காது. ஆணியைத் தேடும்போது வெறுங்கையை விடாமல் ஒரு துணியால் டயரின் உட்புறத்தைத் துடையுங்கள், ஆணி துணியைப் பிடித்துக்கொள்ளும்.

காற்றழுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. உயரத்துக்குப் போனால் டயர் வெடித்துவிடும் என்று சொல்லி எல்லாக் கணவாயிலும் காற்றைத் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே அழுத்தம் குறைவதால் அளவியில் காட்டும் எண் கூடுவது உண்மைதான். ஆனால் குளிரால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி அதைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. கடற்கரை ஊரில் 35 டிகிரி வெயிலில் 32 பி.எஸ்.ஐ. அடித்த டயர், டங்லங் லாவில் 5 டிகிரி குளிரில் 34 அல்லது 35 காட்டும், அவ்வளவுதான். குறைத்துவிட்டு ஓட்டினால் கூர்கல்லில் மோதி வளையம் நெளியும், ட்யூபும் இரண்டு இடங்களில் கிள்ளுப்படும்.

மின்கம்பி எழுதியது:

விளக்குகளைப் பற்றி: மலைப்பகுதியில் இரவில் ஓட்டாமல் இருப்பதே நல்லது, ஓட்டவில்லையென்றால் கூடுதல் விளக்கு தேவைப்படும் நேரம் மிகக் குறைவு. மூடுபனிக்கும் மழைக்கும் வேண்டும் என்றால், குறைந்த வாட் கொண்ட மஞ்சள் விளக்குகள் இரண்டு போதும், அவையும் தாழ்வாகச் சாய்த்து வைக்கப்பட வேண்டும்.

விளக்கைவிட அதைப் பொருத்தும் விதம்தான் வண்டியை வழியில் நிறுத்திவிடுகிறது. முகப்பு விளக்குக்குப் போகும் கம்பியைச் சுரண்டி அதில் முறுக்கி டேப் சுற்றித் தரும் வேலையை அனுமதிக்காதீர்கள். பேட்டரியிலிருந்து தனிக் கம்பி, பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃப்யூஸ், பிறகு ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), சாவியைத் திருப்பினால் மட்டும் ரிலே இயங்கும்படி ஓர் இணைப்பு என்று இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 40 வாட் என்றால் ஓடும் மின்சாரம் மூன்றரை ஆம்பியருக்குள்தான். 5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும், "அடிக்கடி போகிறது" என்று 20 ஆம்பியர் போட்டுவிட்டால் ஃப்யூஸுக்குப் பதில் கம்பி உருகும்.

பேட்டரி தாங்குமா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்து, எல்லா விளக்கையும் சார்ஜரையும் போட்டுவிட்டு, எஞ்சினை நிமிடத்துக்கு 3,000 சுற்றில் பிடித்துப் பாருங்கள். 13.8 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 13-க்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டர் தருவதைவிட நீங்கள் செலவழிப்பது அதிகம்.

கோவைப் பட்டறை எழுதியது:

கோன் செட் மாற்றும்போதே ஹேண்டில்பார் பகுதி திறந்திருக்கும் என்பதால், புதிய கிளட்ச் கேபிள் ஒன்றை வாங்கிப் பழைய கேபிள் செல்லும் அதே வழியில், அதையொட்டியே வைத்துக் கட்டச் சொல்லுங்கள். இரண்டு முனைகளிலும் தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றி விட்டுவிடலாம். வழியில் கேபிள் அறுந்தால் டேங்கைத் தூக்க வேண்டியதில்லை, முனைகளை மாற்றி மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். கிளட்ச், பிரேக் லீவர்களைத் தாங்கும் பட்டைகளையும் கையால் அழுத்தித் திருப்பினால் அசையுமளவுக்கு மட்டும் இறுக்குங்கள். வண்டி சாய்ந்தால் லீவர் முறியாமல் சுழன்றுகொள்ளும். கருவிப்பையில் எம்-சீல் (பிசைந்து பூசினால் இறுகும் ஒட்டுப்பசை) இரண்டு பாக்கெட், பிளாஸ்டிக் டை, ஒன்றிரண்டு அளவுகளில் போல்ட்டுகள், உதிரி ஃப்யூஸ்கள் ஆகியவை இருக்கட்டும். கல் பட்டு எஞ்சின் உறையில் விரிசல் விட்டால், பெட்ரோலால் துடைத்து உலரவிட்டு எம்-சீல் பூசி லே வரை வந்து சேர்ந்த வண்டிகளை அந்தப் பக்கத்தில் நிறையப் பார்க்கலாம்.

மதியத்துக்குப் பிறகு பனி உருகி ஓடைகளில் தண்ணீர் ஏறும் என்பதால், சாலையைக் கடக்கும் நீரோட்டங்களை முற்பகலிலேயே தாண்டிவிடுங்கள். தண்ணீருக்குள் வண்டி அணைந்து கீழே சாய்ந்துவிட்டால் உடனே ஸ்டார்ட்டரை அழுத்தக் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் தண்ணீர் போகவில்லை என்று உறுதிசெய்த பிறகே அழுத்த வேண்டும். தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெதுவாகப் பிடித்துப் பேடுகளை உலர்த்திக்கொள்ளுங்கள்.

லே ஊரில் சர்வீஸ் நிலையம் உண்டு, ஆனால் ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் மிகுதி. அங்கே கொடுத்துச் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லாதபடி போய்ச் சேர்வதே நல்லது. ஏர் ஃபில்டர் காகிதத்தாலானது, அதைக் கழுவாமல் புதியதாக மாற்றுங்கள், உதிரி ஒன்றை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்திருந்தால் ஆயில் சீல் போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் சீலின் உதட்டில் பொடிமணல் சிக்கியிருக்கும். தூசி மூடியைக் கீழே இறக்கி, பழைய எக்ஸ்ரே படத்திலிருந்து விரலகலத்துக்கு வெட்டிய ஒரு துண்டைக் குழாய்க்கும் சீலுக்கும் நடுவே மெல்லச் செருகி ஒரு சுற்று சுற்றி எடுத்தால், கறுப்பு எண்ணெயோடு மணலும் ஒட்டிக்கொண்டு வரும். துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள்; மறுபடி கசிந்தால்தான் சீலை மாற்ற வேண்டும்.